குரலுக்குரியவர்கள்

இன்று இலக்கத்தை அழுத்தியதும் மறுமுனை பேசுகிறது. ஆனால் தொலைபேசியின் தொடக்க காலத்தில் ஒவ்வோர் அழைப்பும் ஒரு மனிதக் கரத்தின் வழியாகவே சென்றது.

1878 ஜனவரி 28ஆந் திகதி, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வர்த்தக ரீதியான முதலாவது தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையம் இயங்கத் தொடங்கியது. அதை அமைத்தவர் ஜோர்ஜ் கோய். சந்தாதாரர் 21 பேர்.

தந்தி நிலையங்களைப் போலவே இங்கும் முதலில் சிறுவர்களையே வேலைக்கு அமர்த்தினர். அவர்களோ பொறுமையற்றவர்கள்; அழைத்தவர்களை ஏசினார்கள், குறும்பும் செய்தார்கள். ஆகவே அதே ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பொஸ்டனில் எமா நட் என்ற பெண்மணி நியமனம் பெற்றார். அவரது கனிவான குரல் சந்தாதாரரைக் கவர்ந்தது. அவரைத் தொடர்ந்து பெண்கள் பலர் வந்தனர்.

குரலின் இனிமை மட்டுமா காரணம்? பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதும் ஒரு காரணமே. அவர்கள் உச்சரிக்க வேண்டிய சொற்களைக்கூட நிறுவனமே வரையறுத்தது.

1892இல் லா போர்ட் நகரில் அல்மன் ஸ்ட்ரோஜரின் தானியங்கி நிலையம் வந்துவிட்டது. எனினும் பல நகரங்கள் நெடுங்காலம் இப்பெண்களையே நம்பியிருந்தன. 1919 ஏப்ரலில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண் இயக்குநர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு கிடைத்தது.

ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்தவர்கள், தம் பேச்சைப் பிறர் கேட்பதற்காக மௌனம் காக்க வேண்டியிருந்தது!