உருளும் பந்தும் ஓய்வு நாளும்



கோலிக்குண்டு ஆடாத பிள்ளை நம் தோட்டங்களில் உண்டா? லயத்தின் முன்னே செம்மண்ணில் குதிகாலால் ஒரு குழி. அதை நோக்கி உருளும் ஒரு குண்டு. காசு செலவில்லை, பொழுது மட்டும் போகும். இதே குழியையும் குண்டையும் பலகையின் மேல் ஏற்றி, காசு போட்டால்தான் குண்டு கைக்கு வரும் என்று செய்துவிட்டால் என்ன ஆகும்? அப்படி ஆன ஒரு விளையாட்டின் கதையையும், அது திரும்பவும் வீட்டுக்குள் வந்த விதத்தையும் இன்று பார்ப்போம்.

பலகையில் குண்டு உருட்டும் வழக்கம் ஐரோப்பாவில் பழையது. பிரான்சு நாட்டில் 18-ஆம் நூற்றாண்டில் செல்வர் மாளிகைகளில் 'பாகடெல்' என்ற மேசை விளையாட்டு இருந்தது. 1871-இல் அமெரிக்காவில் மான்டேகு ரெட்கிரேவ் என்பவர், குண்டை வில்கம்பியால் உந்தித் தள்ளும் முறைக்கு உரிமை பெற்றார். நாம் இன்று பேசும் 'ஸ்கீ பால்' அதன் பின் வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் சிம்சன் என்பவர் 1908 டிசம்பரில் இதற்கு உரிமை பெற்றார்.

இதன் அமைப்பு எளியது. நீண்ட மரத்தடம் ஒன்று. அதன் முடிவில் மேடு போல் ஒரு வளைவு. ஆடுபவர் பந்தைக் கீழாக உருட்டுகிறார். பந்து தடத்தில் ஓடி, மேட்டில் ஏறித் துள்ளி, எதிரே உள்ள வளையங்களில் ஒன்றில் விழுகிறது. பெரிய வளையத்துக்குப் 10 புள்ளி. வளையம் சிறுக்கச் சிறுக்க 20, 30, 40, 50 என்று புள்ளி ஏறும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது பந்துகள். வேகமாக எறிபவர் வெல்வதில்லை. அளவாக உருட்டுபவரே வெல்கிறார்.

முதலில் வந்த தடம் 30 அடிக்கும் மேல் நீளமானது. அவ்வளவு தூரம் பந்தை உருட்டக் கைவலு வேண்டியிருந்தது. ஆகவே பெண்களும் பிள்ளைகளும் ஒதுங்கி நின்றனர். 1928 வாக்கில் தடத்தை 14 அடியாகக் குறைத்தனர். குடும்பத்தில் எல்லாரும் ஆடலாம் என்றாயிற்று; ஒரே கூடத்தில் கூடுதல் தடங்களை நிறுத்திக் கூடுதல் காசு பார்க்கவும் வழி பிறந்தது. 1932-இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நகரில் பெரும் போட்டியே நடந்தது. இசைப்பெட்டிக்குப் பேர்போன உர்லிட்சர் கம்பெனி சில காலம் இதைச் செய்து விற்றது. 1945-இல் உரிமை பிலடெல்பியா டொபாகன் கம்பெனிக்குப் போயிற்று.

அதே காலத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? சிங்கப்பூரில் 1923-இல் 'நியூ வேர்ல்டு' என்ற கேளிக்கைப் பூங்கா தோன்றியது. பினாங்கிலும் அதே பெயரில் சுவாத்தோ லேன் ஓரமாக ஒரு பூங்கா நடந்தது. ஒரே வேலிக்குள் நாடகமும் படக்காட்சியும் விளையாட்டுக் கடைகளும் இருந்த காலம் அது. பின்னாளில் அவ்விடம் உணவுக்கடைகள் நிறைந்த வளாகமாயிற்று.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக எழுதி வைத்தது. ஆனால் ஓய்வு நாள் வந்தால் போதுமா? அதைக் கழிக்க இடம் வேண்டும். செபராங் பிறையிலும் கெடாவிலும் இருந்த தோட்டத்துக் குடும்பத்துக்கு, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறித் தீவுக்குப் போவதே ஒரு திருவிழா. 1985-இல் பாலம் திறக்கும் வரை வாகனங்களுக்கும் அதுவே வழி. 1969 வரை பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்ததால் விளையாட்டுச் சாமான்களும் அங்கே மலிவாய்க் கிடைத்தன. காசு போட்டு ஆடும் பெட்டி முன்னே நின்ற பிள்ளையை இழுத்து வருவதற்குள் தாய்க்குப் பெர்ரிக் கட்டணம் மிஞ்சுமோ என்ற கவலை வந்துவிடும். பெட்டிக்காரருக்கு ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் இலாபம். பிள்ளைக்கு ஆட்டம் நீண்டால் மகிழ்ச்சி. இந்த இரண்டும் என்றைக்கும் ஒத்துப் போவதில்லை.

இன்று வீட்டில் வைத்து ஆடும் சிறிய தடங்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்றை வாங்கிப் பூட்டிய அனுபவம் எங்களுக்கும் உண்டு. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீடு. குறுகலானது, ஆனால் நீளமானது. தடத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று மகிழ்ந்தோம். பெட்டியைப் பிரித்ததும் அவசரப்பட்டு முதல் காலிலிருந்தே திருகாணிகளை இறுக முறுக்கிவிட்டோம். தடத்தின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் நகக்கனம் மேடு தட்டியது. பந்து அங்கே வந்ததும் துள்ளித் திசை மாறியது. எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி பூட்ட வேண்டியதாயிற்று. முதலில் திருகாணிகளைத் தளர்வாகவே மாட்டி, தடம் நேரானதும் ஒன்றன்பின் ஒன்றாக இறுக்குவதே முறை.

இரண்டாவது பாடம் தரை. மழைநீர் வடிவதற்காக அஞ்சடியின் தரையைச் சற்றுச் சரிவாகவே போடுவார்கள். அங்கே தடத்தை வைத்தால் பந்து ஒரே பக்கம் ஒதுங்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு கொடுத்தோம், சரியாயிற்று. மூன்றாவது, மின்சாரம். அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் அது ஏறக்குறைய இரு மடங்கு. புள்ளி காட்டும் பெட்டி எதற்குச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் சொருகினால் கருகிப் போகும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். சாரல் படாத இடமே நல்லது.

வாங்குவதற்கு முன் வாசலையும் படிக்கட்டையும் அளந்து பாருங்கள். தவணையில் வாங்குவதானால், மாதத்துக்கு எத்தனை வெள்ளி என்று மட்டும் கேட்காமல், முடிவில் மொத்தம் எத்தனை வெள்ளி என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்குப் பாரமானது பத்து வீட்டுக்குப் பாரமாகாது. தோட்டத்து மண்டபத்திலோ அடுக்குமாடியின் பொதுக் கூடத்திலோ கூட்டாக ஒன்று வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால், இரண்டு நீளப் பலகை, நுனியில் சாய்வாக ஒரு சிறு பலகை, எதிரே அளவு வாரியாக அடுக்கிய பழைய பால் மங்குகள், ஒரு ரப்பர்ப் பந்து. வீட்டிலேயே விளையாட்டு ஆயத்தம். மங்குகளில் புள்ளி எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கூட்டல் கணக்கும் தானாக வரும்.

செம்மண் குழியில் தொடங்கிய விளையாட்டு காசுப் பெட்டிக்குள் போய், மறுபடி நம் வாசலுக்கு வந்திருக்கிறது. போராடிப் பெற்ற ஓய்வு நாள் நம்முடையது. அந்த நாளில் உருளும் பந்தும் நம்முடையதாகவே இருக்கட்டும்.