எம்.ஜி.ஆர். திட்டு: கடல் மீட்புப் பணி

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைக்கு அப்பால், பிச்சாவரம் உப்பங்கழிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட சிறு மணல் திட்டு. செல்வதற்குப் படகன்றி வேறு மார்க்கமில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை இம்மீனவக் குடியிருப்பை நிர்மூலமாக்கி, மக்களைக் கழிக்குள் வாரி எறிந்தபோது, சுரபுன்னைக் கிளைகளைப் பற்றி உயிர் தரித்திருந்தோரைக் கரைசேர்க்க முதலில் உதவியவை அண்டைக் குப்பங்களின் படகுகளே. கழியின் ஆழமும் திருப்பமும் அறிந்த மீனவனே இத்தகைய ஸ்தலத்தில் பிரதம ரக்ஷகன் என்பது எம் துணிபு. கடலூர் மாவட்டத்தில் அன்று மாண்டோர் 600க்கு மேற்பட்டோர். அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்கள் பெரிதும் பிழைக்க, காட்டுக்கு முன்னே திறந்த மணலில் கிடந்த இத்திட்டுக்கு அக்காப்பு வாய்க்கவில்லை. எஞ்சியோர் பின்னர் உட்கரையில் குடியமர்த்தப்பட்டனர். இக்கரையில் இன்று கடல் விபத்து நேரின், கடலோரக் காவல்படையை 1554 என்னும் தொலைபேசி எண்ணில் உடனே அழைத்தல் வேண்டும்.