கண்காட்சிக் கூடமும் தேயிலை மலையும்

இலங்கை தன் பெயரில் வெளிநாடுகளில் எழுப்பிய கண்காட்சிக் கூடங்களின் கதை தேயிலையோடு பின்னிக் கிடக்கிறது. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்காக உள்நாட்டு மரங்களைச் செதுக்கிக் கப்பலேற்றி, கண்டிப் பாணியில் ஒரு கூடம் கட்டப்பட்டது. கோப்பி அழிந்தபின் மலையகமெங்கும் பரவியிருந்த தேயிலைக்கு அமெரிக்கச் சந்தை தேடிய தோட்டத்துரைமார் அந்த முயற்சியில் முன்னின்றார்கள். வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தே சரக்கை விற்றார்கள். 1924இல் இலண்டன் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியிலும் இலங்கைக் கூடம் கண்டிப் பாணியிலேயே அமைந்தது. விற்ற பொருள் தோட்டத்தில் விளைந்தது. அதைச் சுற்றி நின்ற கட்டடமோ மன்னர் காலப் பாணியினது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948இல் சுதந்திரம் வந்தபோதும் இந்தப் பாணி மாறவில்லை. ரொம் நெவில் வின்-ஜோன்ஸ் வடிவமைத்து 1953இல் முடிவுற்ற கொழும்புச் சுதந்திர நினைவு மண்டபம், கண்டி அரசவையான மகுல் மடுவவை முன்மாதிரியாகக் கொண்டது. 1815இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான இடம் அது. மரத்தூண்களின் வேலைப்பாட்டைப் புதிய மண்டபம் கொங்கிரீற்றில் வார்த்துக்கொண்டது.

நாட்டின் புதிய முகத்தைக் காட்ட முயன்ற நிகழ்வு, 1952 பெப்ரவரியில் கொழும்பில் நடந்த கொழும்புத் திட்டக் கண்காட்சி. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடி வித்திட்ட திட்டத்தின் பெயரால் நடந்தது அது. இதற்காக பெப்ரவரி 23ஆம் திகதி வெளியான முத்திரைகளில் நாடாளுமன்றச் செங்கோலும் முன்னேற்றத்தின் சின்னங்களும் சேர்ந்திருந்தன. அந்தச் செங்கோல் இருந்த சபையில் தோட்டத் தொழிலாளரின் குரல் அப்போது அடைபட்டுக்கொண்டிருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையக மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. கண்காட்சி நடந்து இரண்டு மாதத்தில் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. மே மாதப் பொதுத்தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அந்தக் கண்காட்சியின் வரலாற்றை இந்தப் பறிப்பைச் சொல்லாமல் எழுதுவது நேர்மையாகாது.

கட்டடக்கலையில் உண்மையான திருப்பம் 1970இல் நேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 15 முதல் செப்டெம்பர் 13 வரை ஜப்பானின் ஒசாக்காவில், ஆசியாவின் முதல் உலகக் கண்காட்சி நடந்தது. 77 நாடுகள் பங்கேற்றன. ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் பேர் வந்துபோனார்கள். கென்சோ டாங்கேயின் பிரமாண்டக் கூரைக்கு நடுவே, தரோ ஒகமோட்டோவின் 70 மீற்றர் உயரச் சூரியக் கோபுரம் நின்றது. நாடுகள் கூடாரமாகவும் கோளமாகவும் கூடங்களை எழுப்பிப் போட்டியிட்டன. இலங்கைக் கூடத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவா அந்தப் போட்டிக்குப் போகவில்லை. உருக்குச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட எளிய கட்டடம் ஒன்றை அமைத்தார். கண்டிக் கூரை இல்லை. இலங்கையின் அடையாளத்தைக் கலைஞர்களின் கைவேலை சுமந்தது: லக்கி சேனாநாயக்கவின் அரசிலைச் சிற்பமும் ஈனா டி சில்வாவின் பத்திக் துணிக் கொடிகளும். இதே கூட்டணியைப் பாவா அதற்குச் சற்று முன்பு பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலிலும் பயன்படுத்தியிருந்தார்.

உருக்கும் கண்ணாடியும் ஜப்பானில் புதுமையாகத் தெரிந்திருக்கலாம். நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் அவை பழக்கமானவை. தொழிலாளர் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலை அப்படிப்பட்டதுதான். இரும்புச் சட்டம், நெளிதகரச் சுவர், மாடிதோறும் இடைவெளியின்றி நீளும் ஜன்னல்கள். பறித்த கொழுந்தை மேல்மாடிகளில் பரப்பி மணிக்கணக்கில் வாட்ட வேண்டும்; அதற்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதாலேயே அத்தனை ஜன்னல்கள். பாரமான அரைக்கும் இயந்திரங்கள் கீழ்த்தளத்தில் நின்றன. தேவை மட்டுமே வடிவத்தைத் தீர்மானித்த இந்தக் கட்டடங்கள், இலங்கையின் நவீனக் கட்டடக்கலைக்கு உள்ளூர் முன்னோடிகள் என்று சொல்லத் தகுந்தவை. பாவா மலையகத்தை அறியாதவரல்லர்: மஸ்கெலியாவுக்கு அப்பால் அப்கொட்டில், ஸ்ட்ராத்ஸ்பே தோட்டத்துப் பங்களாவை 1950களின் இறுதியில் அவர் வடிவமைத்தார்.

தோட்டத்தின் இன்னொரு கட்டடமான லயம் எந்தக் கண்காட்சிக்கும் போனதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம்; ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே. ஒசாக்காக் கண்காட்சி நடந்த காலத்தில், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அந்தக் காம்பராக்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. பிரஜாவுரிமை அற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு. மீதி 1,50,000 பேரின் முடிவு 1974 வரை தள்ளிப்போனது.

கண்காட்சி நடந்துகொண்டிருந்த மே மாதத்திலேயே இலங்கையில் ஆட்சி மாறியது. 1972இல் நாட்டின் பெயரும் மாறியது. ஒசாக்காவில் பெரும்பாலான கூடங்கள் அகற்றப்பட்டு அவ்விடம் பூங்காவாயிற்று. சூரியக் கோபுரம் இன்றும் நிற்கிறது. பாவா அடுத்து நாட்டின் பெயரால் எழுப்பிய பெருங்கட்டடம், ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றம். அங்கே அவர் கண்டிக் கூரையின் சாயலுக்குத் திரும்பி, அதைச் செம்பில் வேய்ந்தார். 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியில் வென்ற தொண்டமான், அது திறக்கப்பட்டபோது அமைச்சராக இருந்தார்.