சங்கராபரணிக் கரைத் தலங்களும் விளக்கெரித்த குடிகளும்

தொண்டை நன்னாட்டின் தென்கோடியிலே, செஞ்சிக்கு அணித்தான பாக்கமலைக் குன்றுகளில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலொடு கலக்கும் ஆறு ஒன்று உளது. செஞ்சியாறு என்றும், வராகநதி என்றும், சங்கராபரணி என்றும் அதனை வழங்குவர். அவ்வாற்றங்கரையிலும், அதன் வடபால் விரிந்து கிடக்கும் செம்மண் மேட்டிலுமாகத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவாய் மலர்ந்தருளிய பதிகம் பெற்ற தலங்கள் நான்கு அமைந்துள்ளன. திருவக்கரை, இரும்பை மாகாளம், ஒழிந்தியாப்பட்டு எனப்படும் திருஅரசிலி, கிளியனூர் எனப்படும் திருக்கிளியன்னவூர் என்பன அவை. நான்கும் இன்று விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தின்பாற்பட்டவை.

இவற்றுள் கிளியனூரின் நிலை தனித்தது. பாடல் பெற்ற தலங்கள் 274 என்றே நம் முன்னோர் எண்ணி வந்தனர். திருவிடைவாய்க் கல்வெட்டிலிருந்து ஒரு பதிகமும், கிளியன்னவூருக்குரியதாக மற்றொரு பதிகமும் பிற்காலத்தே வெளிப்போந்த பின்னரே அத்தொகை 276 ஆயிற்று. ஆகவே, திண்டிவனத்தினின்று புதுச்சேரி செல்லும் பெருவழியை அடுத்தே இருந்தும், நெடுங்காலம் தலயாத்திரை செய்வாரது குறிப்பேட்டில் ஏறாதிருந்த ஊர் இது. இங்கு எழுந்தருளியுள்ள பெருமான் அகத்தீசுவரர், அம்மை அகிலாண்டேசுவரி. சுகமுனிவர் கிளியுருக் கொண்டு பூசித்தார் என்பது தலவரலாறு.

இக்காலத்தார் இத்தலங்களையெல்லாம் 'காணத்தக்க இடங்கள்' என்னும் பட்டியலில் அடக்குகின்றனர். செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியப் படைநிலைகளின் வரிசையில் ஒன்றாக உலக மரபுச் சின்னமாயிற்று. அதனைக் காண வருவோர் பெருகுவர். அவ்வழியே மயிலம் முருகன் கோயிலையும் திருவக்கரையையும் ஒரே நாளிற் கண்டு மீள்வாரும் பலர். வருவது நன்றே, வருக. ஆயினும் கோயில் என்பது காட்சிப் பொருளாக எழுந்ததன்று. ஊரில் விளைவிப்பாரும் வனைவாரும் ஆட்டுவாரும் தொடுப்பாரும் ஆகிய பல்வகைக் குடிகளின் பண்டத்தை நாடோறும் தவறாது ஏற்றுக்கொள்ளும் பேரில்லமாகவே அது நின்றது. அத்தொடர்பு எங்ஙனம் இருந்தது, எங்ஙனம் அறுந்தது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வழிச்செல்வோரும் விளைவிப்போரும் ஒருவரையொருவர் சார்ந்து நிற்றல் இந்நாட்டிற்குப் புதிதன்று. திண்டிவனத்தைச் சூழ்ந்த இப்பகுதியே பண்டை ஓய்மாநாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளாற் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஒரு வகையில் வழிகாட்டி நூலேயாம். பரிசில் பெறச் செல்லும் பாணன் முதலில் எயிற்பட்டினத்தையும், பின்னர் வேலூரையும், அதன்பின் ஆமூரையும் அடைவான் என்று கூறும் புலவர், அவ்வவ்வூரில் என்ன விளையும், எவர் அதனை ஆக்கி இடுவர் என்பதனையும் உடன் கூறுகின்றார். நெய்தல் நிலத்துப் பரதவரும் முல்லை நிலத்து எயினரும் மருதநிலத்து உழவரும் தத்தம் கைப்பொருளை அவனுக்கு ஊட்டுகின்றனர். (அவ்வுணவு வகைகள் சைவ நன்மக்கள் செவிக்கு ஏலாதன ஆதலின் அவற்றை விரியாது விடுகின்றேம்.) எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர், வேலூர் கிளியனூர்க்கு அண்மையிலுள்ள உப்புவேலூர் என்பர், கிடங்கில் திண்டிவனத்துள்ளேயே அடங்கிற்று. ஊர்களை வருணிக்குங்கால் மாட மாளிகையினும் அடுப்பங்கரையையே புலவர் மிகுதியும் காட்டினார் என்பது நோக்கத்தக்கது.

கோயிற்கு வருவோம். செஞ்சியினின்று விழுப்புரம் செல்லும் வழிப்பக்கத்திலுள்ள மண்டகப்பட்டிலே, முதல் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிற் கல்வெட்டினைக் கற்றோர் பலரும் அறிவர். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணச்சாந்து இன்றி அயன் அரி அரன் மூவர்க்கும் விசித்திரசித்தனால் ஆக்கப்பட்டது இவ்வாலயம் என்பது அதன் பொருள். அரசனது புதுமையைப் பாராட்டவே இதனை எடுத்துரைப்பர். யாம் அதனை மறுபுறமாகவும் படிக்கின்றோம். அவன் விலக்கிய நான்கினையும் எண்ணுமிடத்து, அதற்கு முன்னர் ஒரு கோயில் எழுவதற்குச் சூளை இடுவோனும், தச்சனும், கொல்லனும், சுண்ணாம்பு நீற்றுவோனும் இன்றியமையாதவராய் இருந்தமை புலனாகின்றதன்றோ? கல்லிற் குடைந்ததனால் அந்நால்வர் வேலை அவ்வொரு கோயிலில் ஒழிந்தது, நாட்டில் ஒழியவில்லை. பின்னர் முதல் இராசராசன் ஆட்சியில் செம்பியன்மாதேவியார் திருவக்கரையிற் கற்றளி எடுப்பித்தார். அவ்வம்மையார் திருப்பணிகளில் முதிர்ந்த வயதிற் செய்யப்பெற்றவற்றுள் அஃது ஒன்று. கல் வந்த பின்னும் விளக்கிற்கு நெய் வேண்டும். அகலுக்கு மண் வேண்டும். மாலைக்குப் பூ வேண்டும்.

விளக்கு ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு சிறிது விரித்துக் கூறுவேம். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களை ஒருசிறிது பயின்றாரும், 'சாவா மூவாப் பேராடு' என்னும் தொடரைக் கண்டிருப்பர். நந்தா விளக்கு ஒன்றற்கு 96 ஆடுகளை ஒருவர் அளிப்பர். தொண்டை நாட்டிற் பல இடங்களில் 90 ஆடுகள் என்றும் வரும். அவ்வாடுகளை மன்றாடி என்னும் இடையன் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். ஆடு சாகுமே, மூக்குமே, அங்ஙனமிருக்கச் சாவா மூவா என்றது என்னையெனின், ஈன்ற குட்டிகளால் மந்தையை நிரப்பி எண் குறையாது காத்தல் அவன் கடன் ஆகலின் என்க. எண்ணிற்கு மேற்பட்ட குட்டிகளும், அளந்தது போக மிஞ்சிய பயனும் அவனுக்கே உரியன.

இக்கணக்கினை ஆய்ந்து பார்த்தல் இன்பந் தருவது. நான்கு உழக்கு ஒரு நாழி. நாளொன்றுக்கு உழக்கு நெய்யாக, 360 நாட்களுக்கு 90 நாழி ஆம். ஆடுகளோ 90. எனவே ஓர் ஆட்டிற்கு ஓராண்டில் ஒரு நாழி நெய் என்பதே இவ்வறத்தின் அடிப்படை அளவாக நின்றது எனக் கொள்ளலாம். 96 என்ற இடத்தில் இடையனுக்குச் சற்றுக் கைதாராளம் உண்டு. இடையனால் இயலாத அளவைச் சுமத்தவில்லை. அவன் வறட்சிக் காலத்தும் பிழைக்குமாறு அறம் வகுத்தனர். கொடுத்தவன் பெயர் கல்லிலே நிற்பது போல, பல இடங்களில் ஏற்றுக்கொண்ட மன்றாடியின் பெயரும் கல்லிலே நிற்கின்றது. அரசியும் ஆயனும் ஒரே சுவரில் எழுதப்பட்டனர். இத்தகைய மதிப்பு இக்காலத்தில் எவ்விற்பனைச் சீட்டில் உண்டு?

நெய்க்கு அடுத்தது எண்ணெய். எண்ணெய் ஆட்டி விற்பாரைக் கல்வெட்டுக்கள் சங்கரபாடியார் என்னும். (ஆற்றின் பெயரையும் இப்பெயரையும் ஒலியொப்புமை பற்றி இணைத்துரைத்தல் கூடாது.) சேக்கிழார் பெருமான் கலியநாயனார் புராணத்திலே திருவொற்றியூரின் சக்கரப்பாடித் தெருவினைச் சிறப்பித்துள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. அந்நாயனார் கழுத்தரிந்த செயலையே நாம் பெரிதும் போற்றுகின்றோம். அதற்கு முன் நிகழ்ந்தவற்றை விரைந்து கடந்துவிடுகின்றோம். செல்வம் தீர்ந்தபின் அவர் தம் மரபினரிடமே எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்று விளக்கெரித்தார். அவர்கள் கொடாதொழிந்தபின் செக்கிலே கூலிக்கு உழைத்தார். அவ்வேலை செய்வோர் பலராய்ப் பெருகியமையால் அக்கூலியும் கிடைக்காது போயிற்று. ஓர் உற்பத்தியாளன் படிப்படியாக வழியற்றுப்போகும் வரலாறு இது. கைத்தொழிலாளன் நலிந்தால் கோயில் விளக்கு நலியும் என்பதைத் திருத்தொண்டர் புராணத்தினும் தெளிவாகக் காட்டுவது வேறு யாது? குயவராகிய திருநீலகண்டரும், நெசவு செய்து கீளும் கோவணமும் ஈந்த நேசரும், உழவராகிய இளையான்குடி மாறரும் தத்தம் தொழிலின் விளைவையே தொண்டாக்கினர்.

இவ்வாற்றுப் பள்ளத்தாக்கில் எண்ணெயின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு திருப்பம் எய்திற்று. தென்னார்க்காட்டுப் புன்செய்களிலே வேர்க்கடலை பரவிற்று. இப்பக்கத்து மக்கள் அதனை மணிலாக்கொட்டை என்றும், மருவி மல்லாட்டை என்றும் கூறுவர். கடல் கடந்து வந்த வரலாறு அப்பெயரிலேயே உளது. அது புதுச்சேரித் துறை வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகரின் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகச் சென்றது. உழவன் கையிற் காசு புரண்டது; அதனைக் குறைகூறல் தகாது. ஆயின் எள்ளும் ஊர்ச்செக்கும் பின்னிடைந்தன. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்து, 'டி.எம்.வி.' என்னும் மூன்றெழுத்துப் பெயரால் அதன் கடலை வகைகள் நாடெங்கும் பரவின. அம்மூன்றெழுத்தும் திண்டிவனத்தையே குறிப்பன என்பதனை விதைப்போரில் எத்துணைப் பேர் அறிவரோ! எண்ணெய் வித்திற்கு இத்துணைப் புகழ் வாய்ந்த நாட்டிலே, இன்று திருமுன்னர் எரிவது யாது? வெளியூரினின்று நெகிழிப் புட்டிகளில் வரும் 'தீப எண்ணெய்'. அப்புட்டிகள் பலவற்றின் மேல், விளக்கேற்ற மட்டுமே, உண்ணத் தகாதது என்று அச்சிட்டிருக்கக் காண்கின்றோம். தாம் உண்ணத் தகாததனைப் பெருமானுக்கு ஏற்றுதல் எவ்வாகமத்திற் கூறிய சரியை? சிவஞானசித்தியார் சுபக்கத்தின் எட்டாஞ் சூத்திரத்துள் தாசமார்க்கம் கூறுமிடத்துத் திருவிளக்கிடுதலும் எண்ணப்பட்டது. அது காசு கொடுத்துப் புட்டி வாங்கும் அளவில் நிறைவெய்துமோ என்பதனை அன்பர்கள் ஆராய்வாராக.

மண்ணின் நிலை அத்துணை மோசமன்று. ஆற்றின் கீழ்ப்பகுதியிலே திருக்காமீசுவரர் எழுந்தருளிய வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடும், திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. வில்லியனூர்த் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் கவர்னரே வடம் பிடித்தல் வழக்காக இருந்தது. தேர் காண வருவோர் மண்ணுருவையும் காண்பராதலின், கோயிலும் கைத்தொழிலும் அங்கே ஓரளவேனும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இன்னும் கீழே, அரிக்கமேட்டிலே 1945-ஆம் ஆண்டு வீலர் துரை அகழ்ந்தபோது உரோமர் நாட்டு மட்கலங்கள் கிடைத்தன. அங்குச் செய்த மணிகள் புகழ்பெற்றவை. இவ்வாற்று முகத்திற் கைவினைஞர் பொருளை நாடி வேற்று நாட்டார் வந்தது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

திருவக்கரையிலே கூட்டத்திற்குக் குறைவில்லை. மும்முக இலிங்கமாக விளங்கும் சந்திரமௌலீசுவரரை வழிபடுவாரினும், பௌர்ணமி இரவில் வக்கிரகாளியம்மன் சோதி காண்பாரே மிகுதி. ஊர்க்குக் கிழக்கே கல்லாகிச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. அவற்றை வக்கிராசுரன் எலும்புகள் என்று ஊரார் சொல்வர். சோன்னரா என்னும் பிரெஞ்சு நாட்டு இயற்கை நூலார் 1781-இல் அவற்றைக் குறித்தார். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்டன என்பது நிலநூலார் கணிப்பு. 247 ஏக்கர்ப் பரப்பில் 200 மரங்கள் அளவில் உள்ளன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940-இல் அதனைக் காப்பிடமாக்கிற்று. அதே வட்டாரத்தில் கற்சுரங்கங்களும் சல்லி உடைக்கும் பொறிகளும் பெருகியுள்ளன. ஒருபுறம் கல்லைக் காக்கின்றோம். மறுபுறம் கல்லைப் பொடிக்கின்றோம். இப்பொடியும் உள்ளூர் விளைபொருள் என்றே கணக்கில் எழுதப்படும். ஆயினும் ஆடு ஈன்றவாறு கல் ஈனாது. சாவா மூவா என்னும் சொல் அதற்குப் பொருந்தாது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். தொண்டியாறு வந்து கூடுமிடத்தில் 1959-ஆம் ஆண்டளவில் எழுந்த வீடூர் அணை 32 அடி ஆழமும் 605 மில்லியன் கனஅடி கொள்ளளவும் உடையது. தமிழ்நாட்டு நிலத்தோடு புதுச்சேரி நிலத்துக்கும் அதன் நீர் பாய்கின்றது. கிளியனூர்ப் பக்கத்துச் செம்மண் மேடோ பெரும்பாலும் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியது. எள்ளுக்கு அதுவே போதும்.

ஆதலின், யாத்திரைக் கூட்டத்தார்க்கு ஒன்று கூறத் துணிகின்றேம். ஒரு விளக்கு ஓராண்டு எரிய, முன்னோர் அளவையின்படி 91 நாழியும் ஓர் உழக்கும் வேண்டும். அஃதாவது ஒரு கலத்திற்குச் சற்றுக் குறைவு. பன்னிருவர் கூடினால் தலைக்கு ஏழரை நாழிக்குச் சிறிது மேல். அதனைப் பொருளாக உண்டியலில் இடுவதினும், கிளியனூர், ஒழிந்தியாப்பட்டு, இரும்பை முதலிய ஊர்களில் எள் விதைக்கும் உழவரிடம் அறுவடைக்கு முன்னரே விலை பேசி, அண்மையிலுள்ள செக்கில் ஆட்டுவித்து, அளந்து கோயிலில் ஒப்புவித்தல் அரிதன்று. கொடுத்தவர் பெயரோடு விளைவித்தவர் பெயரையும் ஆட்டியவர் பெயரையும் கோயிற் பலகையில் எழுதிவைக்கலாம். எள் எண்பது தொண்ணூறு நாட்பயிர். மாசியில் விதைத்தால் சித்திரை வைகாசியிற் செக்கிற்கு வந்துவிடும்.