வரிசையும் உரிமையும்: ‘மேஜிக்’ சீட்டாட்டத்தில் அடுக்கு விதி உருவான வரலாறு

ஒருவர் ஆடும்போது மற்றவர் எப்போது குறுக்கிடலாம்? இருவரின் செயல்களும் மோதினால் எது முதலில் நிறைவேறும்? ரம்மி, பிரிட்ஜ் போன்ற மரபான சீட்டாட்டங்களில் ஒவ்வொருவரும் தத்தம் முறை வரும்போது மட்டுமே ஆடுவதால் இவ்வினாக்கள் பெரிதாக எழுவதில்லை. 1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்திலோ இவையே மையச் சிக்கலாயின. இவற்றிற்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு, விதியாக்கம் குறித்துச் சிந்திப்போர் அனைவருக்கும் பயன்படத்தக்கது.

ஆட்டத்தை வடிவமைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் அமைத்த ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டும் தனக்கென ஒரு விதியைத் தன்மேலேயே தாங்கி வருகிறது. சில மந்திரச் சீட்டுகளை எதிராளியின் முறையிலும் போடலாம். அவர் போட்ட மந்திரம் நிறைவேறும் முன்பே அதற்கு எதிர்வினையாகவும் போடலாம். முதற்பதிப்பில் இருந்த சீட்டுவகைகள் 295. இவற்றுள் எந்த இரண்டும் எந்நேரமும் மோதக்கூடும் என்பதால், மோதல் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எழுதிவைப்பது இயலாத செயல். பொதுவான முறைமை ஒன்று தேவைப்பட்டது.

தொடக்கத்தில் அம்முறைமை சீட்டுகளின் தகுதிநிலையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. விரைந்து செயற்படும் மந்திரங்கள் ‘இன்ஸ்டன்ட்’ எனவும் ‘இன்டரப்ட்’ எனவும் இரு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. பின்னது முன்னதைவிட விரைவானது. எதிராளியின் மந்திரத்தை முறியடிக்கும் ‘கவுன்டர்ஸ்பெல்’ இன்டரப்ட் வகுப்பைச் சேர்ந்தது. இன்டரப்ட் ஒன்றுக்கு இன்னோர் இன்டரப்டால் மட்டுமே எதிர்வினை ஆற்ற முடியும். இன்ஸ்டன்ட் எவ்வளவு வலியதாயினும் காத்திருக்கவேண்டும். பின்னர் மானா எனப்படும் ஆற்றலைத் தரும் சில மந்திரங்களுக்கென மூன்றாவதாக ஒரு வகுப்பும் தோன்றியது. ‘டார்க் ரிச்சுவல்’ என்னும் ஒரே சீட்டு முதலில் இன்டரப்டாகவும், அடுத்து இப்புதிய வகுப்பிலும், இறுதியில் இன்ஸ்டன்டாகவும் அச்சிடப்பட்டது. சீட்டின் செயல் மாறவில்லை. அதற்கு முன்னுரிமை வழங்கிய வகைப்பாடுதான் மாறிக்கொண்டிருந்தது.

1990களின் நடுப்பகுதியில் நிலைபெற்றிருந்த முறையில் எதிர்வினைகள் ஒரு ‘தொகுப்பாக’ச் சேர்க்கப்பட்டன. இருவரும் சேர்த்து முடித்தபின் தொகுப்பு முழுவதும் ஒரே மூச்சில் நிறைவேறும். கடைசியில் போடப்பட்டது முதலில் நிறைவேறும் என்னும் நெறி அப்போதே இருந்தது. 1999இல்தான் அந்நெறி கண்டுபிடிக்கப்பட்டது என்ற பரவலான எண்ணம் ஆகவே பிழையானது. தொகுப்பு நிறைவேறத் தொடங்கியபின் இடையில் எவரும் புதிய இன்ஸ்டன்டைச் சேர்க்க இயலாது என்பதே பழைய முறையின் தனித்தன்மை. சேதத்தைத் தடுப்பதற்கெனத் தனிக் கட்டம் ஒன்று இருந்தது. அதில் அதற்குரிய செயல்களுக்கு மட்டுமே இடமுண்டு.

இதற்கிடையில் ஆட்டம் போட்டிக் களமாக வளர்ந்தது. 1994இல் மில்வாக்கியில் முதல் உலகப் போட்டி நடந்தது; 1996இல் நியூயார்க்கில் பரிசுத்தொகையுடன் தொழில்முறைச் சுற்று தொடங்கியது. நண்பர்கள் கூடி ஆடும் மேசையில் ஐயம் எழுந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பரிசுப் போட்டியில் அது போதாது. ஒரே வினாவுக்கு இரு நகரங்களில் இரு தீர்ப்புகள் வழங்கப்படுமானால் ஆட்டத்தின் நம்பகத்தன்மையே குலையும். விலக்குகள் மிகுந்த விதிநூல், தீர்ப்பை நடுவரின் நினைவாற்றலிடமும் விருப்பிடமும் ஒப்படைத்துவிடுகிறது.

1999இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு இந்நிலையை அடியோடு மாற்றியது. இன்டரப்ட் வகுப்பும் மானாவுக்கான வகுப்பும் நீக்கப்பட்டன. அவற்றிலிருந்த சீட்டுகள் இன்ஸ்டன்டாயின. தொகுப்பின் இடத்தில் ‘அடுக்கு’ வந்தது. கணினியியல் பயில்வோர் நன்கறிந்த அமைப்பு இது. 1957இலேயே ஜெர்மனியின் பவுவரும் சாமெல்சனும் இக்கோட்பாட்டிற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தனர். மந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். இருவரும் அடுத்தடுத்து ‘போதும்’ என்று விட்டுக்கொடுத்தால் மேலிருக்கும் ஒன்று மட்டும் நிறைவேறும். உடனே மீண்டும் இருவருக்கும் பேசும் வாய்ப்பு வழங்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். ஓர் ஆட்டக்காரரிடம் 2 வலிமையும் 2 தாங்குதிறனும் உள்ள கரடி ஒன்று இருக்கிறது. எதிராளி அதன்மீது 3 சேதம் விளைவிக்கும் ‘லைட்னிங் போல்ட்’ மந்திரத்தை ஏவுகிறார். கரடியின் உரிமையாளர் எதிர்வினையாக மூன்று சீட்டுகளை எடுக்கும் ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ மந்திரத்தைப் போடுகிறார். அம்மூன்றில் ஒன்று, கரடியின் வலிமையையும் தாங்குதிறனையும் அம்முறை முடியும்வரை 3 கூட்டும் ‘ஜயண்ட் குரோத்’. பழைய முறையில் இதனால் பயனில்லை. தொகுப்பு நிறைவேறத் தொடங்கிவிட்டதால் அதனைப் போட வாய்ப்பில்லை, கரடி மடியும். அடுக்கு முறையில் சீட்டெடுக்கும் மந்திரம் நிறைவேறியபின்னும் மின்னல் காத்திருக்கிறது. வாய்ப்பு மீண்டும் வரும்போது ‘ஜயண்ட் குரோத்’ போடப்பட்டால் தாங்குதிறன் 5 ஆகி, கரடி பிழைக்கும். இரு முறைகளிலும் வரிசை ஒன்றே. மாறியது இடையில் பேசும் உரிமை.

1999இன் மாற்றத்தை எளிமையாக்கம் என்று மட்டும் விவரிப்பது இதனாலேயே குறைபாடுடையது. முன்னுரிமை சீட்டின் வகுப்பிலிருந்து அகற்றப்பட்டு, அது போடப்பட்ட நேரத்தோடு பிணைக்கப்பட்டது. ஒரே வேளையில் தூண்டப்படும் திறன்களுக்குங்கூட வரிசை வகுக்கப்பட்டது. முறைக்குரியவரின் திறன்கள் முதலில் அடுக்கில் ஏறும். ஆகவே மற்றவருடையவை முதலில் நிறைவேறும்.

ஆயினும் சீரான கோட்பாடு தனக்கே உரிய விந்தைகளை ஈன்றது. போர்ச் சேதமும் அடுக்கில் ஏற்றப்பட்டதால், சேதம் ஏற்றப்பட்டபின் தாக்கிய உயிரி களத்தைவிட்டு நீங்கினாலும் அதன் அடி வந்து சேர்ந்தது. ‘மாக் ஃபனாட்டிக்’ என்னும் சிற்றுயிரி போரில் 1 சேதத்தை அடுக்கில் ஏற்றிவிட்டு, தன்னைப் பலியிட்டு மேலும் 1 சேதம் விளைவித்துத் தன்னினும் பெரிய பகையை வீழ்த்தியது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதனைத் திறமையின் உரைகல்லாகப் போற்றினர்; புதியவர்களுக்கோ இறந்த உயிரி அடிப்பது புரியாத புதிர். 2009 ஜூலையில் இவ்விதி நீக்கப்பட்டது. கோட்பாட்டின் முழுமையைச் சற்றே விட்டுக்கொடுத்து, புதியவரின் இயல்பான புரிதல் காக்கப்பட்டது.

எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு. 2006இன் ‘டைம் ஸ்பைரல்’ தொகுதியில் வந்த ‘ஸ்ப்ளிட் செகண்ட்’ என்னும் பண்புடைய மந்திரம் அடுக்கில் இருக்கும்வரை வேறு மந்திரம் எதையும் போட இயலாது. மானா தரும் திறன்கள் நீங்கலாகப் பிற திறன்களையும் இயக்க முடியாது. ஒழிக்கப்பட்ட இன்டரப்ட்டின் மேலாண்மை இதில் வேறுருவில் மீள்வதைக் காணலாம். ஆனால் பழைய வகுப்புப்போல் அது ஆட்டம் முழுவதையும் ஆள்வதில்லை. விலக்கு, அதனைக் கோரும் சீட்டின்மேலேயே எழுதப்பட்டு எல்லைக்குட்பட்டு நிற்கிறது.

2019இல் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் ஆகியோர், இவ்வாட்டத்தினுள் டூரிங் பொறியொன்றைக் கட்டமைக்க இயலும் என்று நிறுவினர். அடுத்த நகர்வுகள் அனைத்தும் கட்டாயமானவையாக அமைந்த நிலையிலும், வெற்றி யாருக்கு என்பதைப் பொதுவாகக் கணிக்கவல்ல செயல்முறை எதுவும் இருக்க முடியாது என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. அடுத்து நிறைவேறுவது எது என்பதை அடுக்கு விதி ஐயமின்றிச் சொல்லிவிடும். ஆட்டம் எங்கே சென்று முடியும் என்பதைச் சொல்லும் பொறுப்பை அது ஏற்பதில்லை. முடிவுக்கு உறுதி தருவதை விடுத்து, முடிவை நோக்கிய ஒவ்வொரு படியிலும் இருவருக்கும் சமமாகப் பேச இடம் தருவதே நடைமுறை விதியின் கடமை என்று கொண்டால், 1999இல் எழுதப்பட்ட விதி அக்கடமையைப் பெரிதும் நிறைவேற்றியிருக்கிறது.