கொழும்புப் பிறக்கிராசி நிறுவனங்களும் வணிகச் சட்டமும்

இலங்கையின் வணிக வரலாற்றை எழுதப் புகுந்தோர் தோட்டத் துரைமாரைப் பற்றியும், முகவர் நிறுவனங்களைப் பற்றியும், வங்கிகளைப் பற்றியும் விரித்தெழுதியுள்ளனர். அவர்களுக்கெல்லாம் உறுதி முடித்தும், கம்பனி பதிந்தும், கடன் அறவிட்டும் கொடுத்த பிறக்கிராசி நிறுவனங்களோ பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலேயே ஒதுங்கிவிட்டன. கொழும்பிலுள்ள எப். ஜே. அன்ட் ஜி. டி சேரம் என்னும் நிறுவனம் 1841 ஆம் ஆண்டிலும், யூலியஸ் அன்ட் கிறீசி என்னும் நிறுவனம் 1879 ஆம் ஆண்டிலும் தோன்றியவை. கோப்பி செழித்த காலத்தில் முன்னையதும், கோப்பி அழிந்துகொண்டிருந்த காலத்தில் பின்னையதும் தோன்றின என்பது நினைவிலிருத்தற்குரியது.

இக்காலத்தில் ‘லீகல் 500’, ‘சேம்பர்ஸ்’ முதலிய இலண்டன் வெளியீடுகள் இத்தகைய நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துகின்றன. வாடிக்கையாளரை வினவியும், நிறுவனங்களே அனுப்பும் குறிப்புகளை ஆராய்ந்தும் அவ்வரிசை வகுக்கப்படுகின்றது. அது இன்றைய நிலையை ஓரளவு காட்டும். ஆனால், ஒரு நிறுவனம் காணித் துறையில் வல்லதாகவும் கப்பற்றுறையில் மெலிந்ததாகவும் இருப்பது ஏன் என்னும் வினாவுக்கு வரலாறே விடை கூறவல்லது.

அவ்வரலாற்றின் அடிப்படை இந்நாட்டின் இரட்டைச் சட்டமாகும். ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தை நிலைக்க வைத்தனர். காணி, ஒப்பந்தம், ஈடு ஆகியன அதன்பாற்பட்டன. வணிகரோ தமக்குப் பழக்கமான ஆங்கிலச் சட்டத்தையே வேண்டினர். எனவே, 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கப்பல், உண்டியல் முதலிய விடயங்களில் ஆங்கிலச் சட்டத்தைப் புகுத்திற்று. 1866 ஆம் ஆண்டில் பங்காண்மை, கூட்டுப்பங்குக் கம்பனி, வங்கித் தொழில், முகவாண்மை, காப்புறுதி என்பனவும் அதனோடு சேர்ந்தன. இதிலொரு நுட்பம் உண்டு. இலங்கைச் சட்டம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, அவ்வக்காலத்தில் இங்கிலாந்தில் நடைமுறையிலுள்ள சட்டமே இங்குஞ் செல்லும் என்பது விதி. ஆகவே, இலண்டன் நீதிமன்றில் நேற்றுப் பிறந்த தீர்ப்பு கோட்டையிலுள்ள வணிகரையுங் கட்டுப்படுத்தலாம். புதிய தீர்ப்புத் தொகுதிகளை வாங்கி வைத்துப் படிக்கும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே இருந்தது. வணிகத் துறையில் அவை பெற்ற முதன்மைக்கு மேதையினும் இந்நூலகமே பெரிய காரணம் எனலாம்.

எனினும், வருவாயின் அத்திவாரம் காணியே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றங்கள் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் நிறைவேறவேண்டுமென விதித்தது. அதே ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் தரிசு நிலங்களை முடிக்குரியனவாகக் கருத இடந்தந்தது. கோப்பித் தோட்டத்துக்கு நிலந் தேடியவர் இவ்விரு சட்டங்களையும் தாண்டியே செல்லவேண்டியிருந்தது. பிறக்கிராசிமாருட் பலர் நொத்தாரிசுமாராகவும் விளங்கியமையால், அவர்கள் பெட்டகங்களில் உறுதிகள் குவிந்தன. ஒரு தோட்டத்தின் உறுதிகள் யாரிடம் உளவோ, அத்தோட்டத்தின் அடுத்த விற்பனையும் ஈடும் அவரிடமே வருதல் இயல்பு.

இத்துறையில் திறமை என்பது பொறுமையின் மறுபெயர். எமர்சன் டெனென்ட் 1859 இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில், பத்துத் தென்னை மரங்களின் 2520 இல் ஒரு பங்குக்காக நடந்த வழக்கொன்றைக் குறிப்பிடுகின்றார். நகைப்புக்குரியதாகத் தோன்றினும், பிரிபடாப் பங்குகள் மலிந்த நாட்டில் அப்பின்னத்தைக் கணக்கிடத் தெரியாதவர் உரிமை ஆராய இயலாது. 1863 ஆம் ஆண்டிற் காணிப் பதிவு முறை வந்தபோதும் இடர் முற்றாக நீங்கவில்லை. பதியப்பட்டது உறுதியேயன்றி உரிமையன்று. உரிமையற்றவன் எழுதிய உறுதியும் பதிவேட்டில் இடம்பெறலாம். உரிமையையே பதியும் சட்டம் 1998 இல்தான் இயற்றப்பட்டது. இடைப்பட்ட நூற்றாண்டு முழுவதும் பழைய உறுதிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பார்த்தலே நிறுவனத்தின் உண்மையான உழைப்பாக இருந்தது.

இவ்விடத்திற் பெரிய பெயரும் துணைசெய்யாத ஓர் எல்லையைக் காணலாம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்த தேசவழமை, 1806 ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினரால் சட்டவலு அளிக்கப்பெற்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தைக் கையளிப்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சீதனக் காணி வெள்ளவத்தையில் இருந்தாலும் இவ்விதி அதனைத் தொடரும். வங்கிக்கு ஈடு வாங்கிக்கொடுக்கும் நிறுவனம் ஆங்கிலச் சட்டத்தில் எத்துணை வல்லதாயினும், கையொப்பமிடும் பெண் எவ்வூரவள், எச்சட்டத்துக்குட்பட்டவள் என்று வினவ மறந்தால், அந்த ஈடு ஆட்டங்காணும். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலோ பருத்தித்துறையிலோ இருந்த சிறிய பிறக்கிராசி ஒருவர் கேட்டிருக்கக்கூடிய முதற் கேள்வி அதுவே. துறைதோறும் வலிமையை அளக்கும்போது நிறுவனத்தின் பருமனை அளவுகோலாகக் கொள்ளலாகாமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வங்கித் துறைக்கு வருவோம். 1869 இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபோது, தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்தோரும் வீழ்ந்தனர். ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 ஆம் ஆண்டு மே மாதத்தில் முறிந்தது. அதன் நோட்டுகளுக்குத் தேசாதிபதி ஆதர் கோடன் அரசாங்கப் பொறுப்பு அளித்தமையாலேயே பெருங் கலவரம் தவிர்ந்தது. ஈட்டு உறுதிகளிற் குறையொன்றும் இல்லாதிருந்தாலும் பயனில்லை. நோய் மரத்திலே இருந்தது. பிழையற எழுதப்பட்ட ஆவணம் வேறு, பெறுமதியுள்ள பிணை வேறு என்னும் வேற்றுமையைக் கொழும்பு அன்று பெருவிலை கொடுத்துக் கற்றது.

உள்நாட்டு வணிகர்க்கு ஆங்கிலேய வங்கிகளின் கதவு எளிதிற் றிறக்கவில்லை. இடையில் நின்றவர் செட்டியார் தெருவைச் சேர்ந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார். வங்கியிற் பணம் பெற்று, உண்டியலின் பேரில் சிறு வணிகருக்குக் கொடுத்த அவர்களுக்கு, 1925 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் வங்கிகள் கையைச் சுருக்கிக்கொண்டன. 1934 இல் அறிக்கை அளித்த வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்தது. 1939 இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. இவ்வரலாற்றில் சட்ட நிறுவனங்களின் நிலை புகழத்தக்கதாக மட்டும் அமைந்ததெனக் கூறுதல் மிகையாகும். வங்கியின் பிறக்கிராசியே கடன் பெறுவோனுக்கும் உறுதி முடித்துக்கொடுத்தல் எவருக்கும் வசதியாகத் தோன்றும், செலவுங் குறையும். ஆயினும், இருதரப்பின் நலன் முரண்படும் நாளில் அவ்வசதி ஒருவருக்கே வசதியாகும். உறுதியின் மொழியும் அத்தகையதே. நொத்தாரிசு கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே, வாசிக்க இயலாதவனுக்கு ஆவணத்தை வாசித்து விளக்கவேண்டுமென விதித்துள்ளது. பல பக்கம் நீண்ட ஆங்கில ஈட்டுறுதியின் வாசகங்களை அரிசி வணிகன் ஒருவனுக்குத் தமிழில் விளங்கவைத்தல் சட்டப் புலமை மட்டுமன்றித் தமிழ்ப் புலமையும் வேண்டி நிற்கும் பணியாகும். இத்திறமையை எந்த வரிசைப் பட்டியலும் அளப்பதில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றை நாடாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டு ஆதனத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளித்தது. பழைய ஒல்லாந்தச் சட்டச் சொல்லால் இதனைப் ‘பராட்டே’ என்பர். இதன்பின் கடனாளி தன்னைக் காத்துக்கொள்ளத்தக்க வேளை பெரும்பாலும் கையொப்பமிடும் வேளையாகவே சுருங்கிற்று; அவ்வேளையில் அவன் பக்கத்தில் இருப்பவர் யார் என்பது முன்னையிலும் பெரிய வினாவாயிற்று.

கம்பனித் துறை ஒப்பீட்டளவில் அமைதியானது. 1861 ஆம் ஆண்டின் கூட்டுப்பங்குக் கம்பனிச் சட்டம் தொடக்கமாக, 1938 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தையும், 1982 ஆம் ஆண்டின் சட்டம் 1948 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தையும் பின்பற்றின. ஆங்கில நூலொன்றை அலமாரியில் வைத்திருந்தவர் பாதி வேலையை முடித்தவராவார். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் நியூசிலாந்து நாட்டின் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியபோது அவ்வலமாரி பழமையுற்றது. பங்கின் பெயரளவு மதிப்பு நீக்கப்பட்டமை, பங்கிலாபம் வழங்குமுன் கம்பனியின் கடனிறுக்கும் ஆற்றலைச் சோதித்தல் முதலியவற்றை முதியவரும் இளையவரும் ஒருங்கே கற்கவேண்டியதாயிற்று. ஸ்ரேலிங் கம்பனிகள் என வழங்கிய தோட்டக் கம்பனிகள் இலண்டனிலேயே பதிவுபெற்றமையால், அவற்றின் மேலான ஆலோசனையும் நெடுங்காலம் இலண்டனுக்கே உரியதாயிருந்தது. ரூபாய்க் கம்பனிகளே கொழும்பு நிறுவனங்களுக்கு முழுமையாகக் கிட்டின.

தோட்டக் காணித் துறைக்கு இடியாக வந்தது 1975 ஆம் ஆண்டு. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிக்கு 50 ஏக்கர் எல்லை விதித்தபோது பொதுக் கம்பனிகள் தப்பின. 1975 ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றின் தோட்டங்களையும் அரசுக்குரியதாக்கிற்று. நூறாண்டுக் கால உறுதிகள் நட்டஈட்டுக் கணக்குக்கு மட்டும் பயன்பட்டன. காப்புறுதித் தொழிலும் 1960 களின் முற்பகுதியில் அரசுக் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று. ஒரு துறையில் மட்டும் ஊன்றிநின்ற நிறுவனத்துக்கு இவை பேரிழப்பு. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தபோது, முதலீட்டு ஒப்பந்தம், 1979 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துக் கோவையின் வழி எழுந்த வியாபாரச் சின்னப் பதிவு முதலிய புதிய பணிகள் அவ்விடத்தை நிரப்பின. கப்பற்றுறையைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. 1885 இல் கொழும்பின் தென்மேற்கு அலைதாங்கி நிறைவுற்றபின் காலித் துறைமுகத்தின் கப்பல்களோடு அவ்வழக்குகளும் கொழும்புக்கு வந்தன. அத்துறையில் தேர்ந்தோர் என்றும் சிலரே.

வழக்காடும் வலிமையை மதிப்பிடுங்கால் 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தை எல்லைக் கல்லாகக் கொள்ளல் வேண்டும். அதற்குமுன் வழக்கைத் தயார்செய்தவர் பிறக்கிராசி. மேல்மன்றில் எழுந்து பேசியவர் அப்புக்காத்து. வெற்றியின் புகழ் பேசியவருக்கே சென்றது. ஆவணங்களைத் தேடி, சாட்சிகளை ஒழுங்குபடுத்தி, தவணை தவறாது காத்த அலுவலகம் வெளியே தெரியவில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழியும்வரை, இலண்டன் வரை சென்ற வழக்குகளின் ஏடுகளையும் இவ்வலுவலகங்களே ஆயத்தஞ் செய்தன. 1974 ஆம் ஆண்டு தொடக்கம் இருசாராரும் சட்டத்தரணிகள் என்னும் ஒரே பெயருக்குள் வந்தபோதும், ஆலோசனை கூறுவோர், அறிவுறுத்துவோர் என்ற பழைய பிரிவு பழக்கத்தில் நிலைத்தது. 1995 ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு நீதிமன்றின் புறத்தே ஒரு களத்தைத் தந்தது. 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வணிக மேல் நீதிமன்றம் மேல் மாகாணத்துக்கே உரியதாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் எழும் வணிக வழக்குகள் மாவட்ட நீதிமன்றங்களிலேயே தங்கின. வணிகச் சட்டத்திற் பயிற்சி பெற விரும்பும் அப்பகுதிச் சட்டத்தரணி இன்னும் கொழும்புக்கே புகையிரதம் ஏறவேண்டியுள்ளது.