திருவாசகமும் நரம்பிசையும்

ஏலக்காய்க் கொள்முதலுக்காக வண்டன்மேடு, குமுளி என்று முப்பது வருஷம் அலைந்தவன் நான். சரக்கை ஏற்றிவிட்டு நேரே பாலக்காடு திரும்பமாட்டேன். மலையிறங்கி உத்தமபாளையம் போய், பாறையில் வரிசையாகச் செதுக்கியுள்ள தீர்த்தங்கரர்களை வணங்கிவிட்டுத்தான் வருவேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடியவர் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். எல்லை தாண்டிப் பாடுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

அவர் 2005இல் திருவாசகத்தை மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்கு அமைத்தார். வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. முயற்சிக்குப் பின்னால் நின்றவர் கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பர். பேரில் சிம்பொனி என்று இருந்தாலும் பாடகர், குழுப்பாடல், வாத்தியம் மூன்றும் சேர்ந்த 'ஆரட்டோரியோ' என்பதே பொருந்தும். நூலின் 51 பகுதிகளில் சிவபுராணம், அச்சப்பத்து, திருப்பொற்சுண்ணம் உட்பட ஆறிலிருந்து பாடல் எடுத்திருக்கிறார்.

ஒலிநாடாவைக் கடையில் போட்டேன். எங்கள் ஆட்களில் ஒரு பெரியவர், "கழுமரம் மறந்துபோச்சாடா?" என்றார். சுருக்கென்றது. மதுரைக் கழுவேற்றக் கதை சம்பந்தரோடு சேர்ந்தது. மாணிக்கவாசகர் கதையில் வாதில் தோற்பவர் இலங்கைப் பௌத்தர். அது வேறே பேரேட்டுக் கணக்கு என்று அவரிடம் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

நான் கேட்டதற்குக் காரணம் நரம்புகள்தான். திருப்பள்ளியெழுச்சியில், விடியலில் வீணை வாசிப்போரும் யாழ் வாசிப்போரும் ஒருபுறம் கூடி நிற்பதாக மாணிக்கவாசகர் காட்டுகிறார். இரண்டு நரம்புக் கருவிகள் ஒரே சந்நிதியில்! யாழ் பிறகு வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தைப் பத்திரப்படுத்திய நூல்களில் ஒன்று எங்கள் சீவக சிந்தாமணி. காந்தருவதத்தையை யாழில் வெல்பவனுக்கே மணம் என்று ஏற்பாடு செய்பவன் சீதத்தன் என்ற வணிகன். சீவகன் உடனே வாசிக்க உட்காரவில்லை. இது தண்ணீரில் கிடந்த மரம், இது இடி விழுந்த மரம், இந்த நரம்பில் மயிர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். காயைக் கிள்ளிப் பார்த்து விலை சொல்லும் கண் அது. எழுதியவர் துறவி; சரக்கை அறிந்திருக்கிறார்.

அந்தச் சிந்தாமணியை 1887இல் அச்சேற்றியவர் திருவாவடுதுறைச் சைவ மடத்தில் படித்த உ. வே. சாமிநாதையர்; பொருள் சொல்லி உதவியவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். திருவாசகத்தை 1900இல் ஆங்கிலத்தில் தந்தவர் ஜி. யு. போப் பாதிரியார். இங்கே பாலக்காட்டில், எங்கள் ஜைனிமேட்டில் தங்கியிருந்து 1907இல் 'வீண பூவு' எழுதியவர் நாராயண குருவின் சீடர் குமாரன் ஆசான். (வீணை என்று எண்ணவேண்டாம், உதிர்ந்த பூ.)

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் ஒருநாள் அடுக்கினேன். பேசாமல் கேட்டவர், "அப்போ நம்ம சிந்தாமணிக்கு எவன் வாத்தியம் வைக்கப்போறான்?" என்றார்.